ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் நடத்துகிறேன். காலையில் பிள்ளையை விட வரும்போதும் சாயங்காலம் கூட்டிப்போக வரும்போதும் அம்மாக்கள், அப்பாக்கள், ஆயாக்கள் வாசலில் நின்று கேட்கிற சந்தேகங்கள் வருஷா வருஷம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. வாசலில் நின்று பதில் சொன்னால் பாதிதான் சொல்ல முடிகிறது, அதற்குள் மணி அடித்துவிடுகிறது. அதனால் அவற்றை அவர்கள் கேட்டபடியே இங்கே எழுதி, என் பதிலையும் சேர்த்திருக்கிறேன். ராயபுரம், வியாசர்பாடி, எண்ணூர் என்று வடசென்னையில் எங்கே இருந்தாலும் இதில் பெரும்பாலானவை உங்கள் பிள்ளையின் பள்ளிக்கும் பொருந்தும்.

"பையனுக்கு அஞ்சு வயசு முடிஞ்சிடுச்சு. பர்த் சர்டிபிகேட் மழைத்தண்ணில போயிடுச்சு. சேத்துக்குவீங்களா மிஸ்?"

சேர்த்துக்கொள்வோம். ஐந்து வயது முடிந்திருந்தால் ஒன்றாம் வகுப்பு. வயதுச் சான்று இல்லை என்ற காரணத்துக்காக எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அங்கன்வாடியில் படித்திருந்தால் அந்தப் பதிவையோ பிள்ளை பிறந்த ஆஸ்பத்திரிச் சீட்டையோ கொண்டுவாருங்கள். சென்னையில் பிறந்த பிள்ளை என்றால் சான்றிதழின் நகலை மாநகராட்சி இணையதளத்தில் எடுத்துக்கொள்ளலாம். அது கைக்கு வரும்வரை பிள்ளையை வீட்டில் வைத்திருக்க வேண்டாம்.

"காலைல டிபன் குடுத்து அனுப்பணுமா?"

வேண்டாம், நேரத்துக்கு அனுப்பினால் போதும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. வகுப்பு தொடங்குவதற்கு முன்பே பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிட்டுவிடுவார்கள். உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று கிழமைக்கு ஒன்றாகச் சாம்பாரோடு வரும். மதியம் சத்துணவும் முட்டையும் உண்டு. நகரத்தில் உள்ள அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் 2025 ஆகஸ்டிலிருந்து காலை உணவு வருகிறது.

வெறும் வயிற்றோடு வந்த பிள்ளைக்குப் பத்து மணிக்கெல்லாம் தலை சாய்ந்துவிடும். அந்த நேரத்தில் நான் எதைச் சொல்லிக்கொடுத்தாலும் நிற்காது. அதனால்தான் இதை இரண்டாவது கேள்வியாகவே வைத்தேன்.

"கொருக்குப்பேட்டைல கேட் போட்டுட்டாங்க மிஸ். பத்து நிமிஷம் லேட்டானா என்ன ஆயிடும்?"

ரயில்வே கேட்டும் எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசைகட்டும் கன்டெய்னர் லாரிகளும் உங்கள் கையில் இல்லை, தெரியும். தாமதமாக வந்த பிள்ளையை நாங்கள் வெளியே நிறுத்துவதில்லை. ஆனால் அந்தப் பத்து நிமிஷத்தில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்து வகுப்புக்குள் வந்ததும் இன்று என்ன கிழமை, என்ன தேதி, வெயிலா மேகமா என்று பிள்ளைகளே சொல்லி அட்டையை மாற்றுவார்கள். எத்தனை பேர் வந்திருக்கிறார்கள், எத்தனை பேர் வரவில்லை என்று எண்ணுவார்கள். கழித்தல் கணக்கை முதலில் படிப்பது அங்கேதான். நேற்றுச் சொன்ன கதை எங்கே நின்றது என்று யாராவது ஒருவர் எழுந்து சொல்வார். நடுவில் நுழைகிற பிள்ளைக்கு இது எதுவும் கிடைக்காது. மற்றவர்கள் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று புரியாமலே முதல் பாடவேளை முழுக்க உட்கார்ந்திருக்கும். தினமும் இப்படி ஆனால் பள்ளிக்கூடமே பிடிக்காமல் போய்விடும்.

காசிமேட்டில் மீன் ஏலத்துக்காக விடியுமுன் கிளம்பிவிடும் அம்மாக்களுக்கு ஒன்று சொல்கிறேன். அக்காவோ பக்கத்து வீட்டு அத்தையோ யார் கூட்டிவந்தாலும் சரி. யார் வருவார்கள் என்று மட்டும் முன்கூட்டியே எங்களிடம் சொல்லிவிடுங்கள். சாயங்காலம் முகம் தெரியாத ஆளோடு நாங்கள் பிள்ளையை அனுப்ப மாட்டோம்.

"எப்போ பாத்தாலும் பாட்டு, ஆட்டம், களிமண்ணு. பாடம் எப்போதான் நடத்துவீங்க?"

இந்தக் கேள்வியை நான் கோபமில்லாமல் வரவேற்கிறேன், ஏனென்றால் ஜன்னல் வழியாகப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். நடப்பது பாடம்தான். கைதட்டிக்கொண்டே 'ம-ர-ம்', 'த-வ-ளை' என்று சொல்கிறபோது ஒரு சொல்லுக்குள் எத்தனை ஓசை இருக்கிறது என்று காது பிரித்துப் பார்க்கிறது. அந்தக் காது வராத பிள்ளைக்கு எழுத்தை எத்தனை முறை எழுதவைத்தாலும் வாசிப்பு வராது. களிமண் பிசைவதும் காகிதம் கிழித்து ஒட்டுவதும் விரலுக்குப் பலம் தருகின்றன. பலமில்லாத விரலில் பென்சிலைத் திணித்தால் பிள்ளை அழுத்தி அழுத்தி எழுதும், கை வலிக்கும், கடைசியில் எழுதவே மறுக்கும். 'இடது பக்கம் குதி, வலது பக்கம் குதி' என்ற ஆட்டத்தில்தான் எழுத்து எந்தப் பக்கம் வளைகிறது என்ற அறிவு உடம்புக்குள் போகிறது.

ஐந்து வயதுப் பிள்ளையால் ஒரே வேலையில் நெடுநேரம் உட்கார முடியாது. அதனால் கொஞ்சம் கதை, கொஞ்சம் எழுத்து, தண்ணீர் குடிக்க ஒரு இடைவேளை, பிறகு எண்கள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படம் வரைதல் என்று நாளைத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருக்கிறோம். இந்த வழி நேற்று வந்த புதுமோஸ்தரும் இல்லை. செய்து பார்த்தே படிக்கும் இந்தச் செயல்வழிக் கற்றல் முறையை 2003இலேயே சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கினார்கள். சில வருஷங்களில் தமிழ்நாடு முழுவதும் அது போனது. பாயில் வட்டமாக உட்காருவது, அட்டை எடுத்துப் படிப்பது, சுவரின் அடிப்பகுதியில் பிள்ளைகளுக்கு எட்டுகிற உயரத்தில் கரும்பலகை எல்லாம் அப்போது வந்தவை. நம் ஊர் மாநகராட்சிப் பள்ளிகளிலிருந்து மாநிலமே எடுத்துக்கொண்ட விஷயம் இது. அதில் எனக்குப் பெருமை உண்டு.

"நாங்க அ, ஆ-லதான ஆரம்பிச்சோம்? என் பொண்ணு ட, ப, ம-ன்னு எழுதிட்டு வருது."

வரிசை தெரிய வேண்டும், அதற்குப் பாட்டு இருக்கிறது. எழுதத் தொடங்குவதற்கு மட்டும் கைக்கு எளிதான எழுத்தை எடுக்கிறோம். 'ட' இரண்டே கோடு. 'ப' மூன்று கோடு. 'அ'வை எழுதிப் பாருங்கள், சுழி, வளைவு, படுக்கைக்கோடு, நிமிர்ந்த கோடு என்று எத்தனை திருப்பம்! 'இ' அதைவிடக் கடினம். இன்னொரு லாபமும் உண்டு. ட, ப, ம மூன்றும் வந்த உடனே 'படம்', 'மடம்', 'பட்டம்' என்று சொற்களை வாசித்துவிடலாம். எழுத்து கற்றுக்கொண்ட சில நாளிலேயே தானாக ஒரு சொல்லை வாசித்துவிட்ட பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த வரிசை ஏன் என்று கேட்கத் தோன்றாது.

247 எழுத்தையும் முடித்த பிறகுதான் வாசிப்பு என்று காத்திருந்தால் முதல் வருஷம் முழுக்கப் பிள்ளைக்குச் சுவையாக எதுவும் கிடைக்காது. வீட்டில் அ, ஆ சொல்லிக்கொடுங்கள், தடையில்லை. 'அது தப்பு, இதுதான் சரி' என்று மட்டும் பிள்ளையைக் குழப்பாதீர்கள்.

"ரெண்டாவது படிக்கிற பொண்ண அரும்புல உக்கார வெச்சிருக்கீங்களாமே. அது மக்குப் பிள்ளைங்க உக்கார்ற இடமா?"

இல்லை. அந்தச் சொல்லை வீட்டிலும் பிள்ளை காதில் விழும்படி சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது ஒரு தலைமுறைப் பிள்ளைகள் எழுத்தைப் பார்க்காமலே மேல்வகுப்புக்கு வந்துவிட்டார்கள். அதைச் சரிசெய்ய 2022 ஜூனில் தொடங்கிய திட்டம்தான் 'எண்ணும் எழுத்தும்'. எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளையும் புரிந்து வாசிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்பது அதன் குறிக்கோள். அரும்பு, மொட்டு, மலர் என்ற மூன்று நிலைகளில், பிள்ளை இப்போது எங்கே நிற்கிறதோ அங்கிருந்து தொடங்குகிறோம். எழுத்தே அடையாளம் தெரியாத பிள்ளையிடம் பத்தி பத்தியாக இருக்கும் பாடத்தைக் கொடுத்து 'வாசி' என்றால் அது திருதிருவென்று விழிக்கும், அல்லது பக்கத்துப் பிள்ளை சொல்வதை அப்படியே ஒப்பிக்கும். இரண்டிலும் படிப்பு இல்லை.

இந்த நிலை நிரந்தரமும் இல்லை. அவ்வப்போது சின்ன மதிப்பீடு செய்கிறோம், பிள்ளை தேறினால் அடுத்த நிலைக்கு மாறும். தமிழில் மொட்டில் இருக்கும் பிள்ளை கணக்கில் மலரில் இருக்கலாம். எங்கள் பகுதியில் கடையில் உதவிக்கு நிற்கும் பிள்ளைகளிடம் இதை நிறையப் பார்க்கிறேன்.

நீங்கள் எங்களிடம் கேட்க வேண்டியது வேறு ஒன்று: 'போன பருவத்தில் இருந்த இடத்திலிருந்து என் பொண்ணு நகர்ந்திருக்கா?' நகரவில்லை என்றால் காரணம் கேளுங்கள். அதற்குப் பதில் சொல்ல நாங்கள் கடமைப்பட்டவர்கள்.

"வாயப்பயம்னு சொல்றான், 'கீது'ன்னு நோட்ல எழுதறான். நம்ம பாஷைய வெச்சுக்கிட்டு எப்பிடி மிஸ் படிக்கப்போறான்?"

நம் பாஷையை வைத்துக்கொண்டுதான் படிக்கப்போகிறான். வீட்டில் பேசுவதை அப்படியே எழுதினால் மதுரைப் பிள்ளைக்கும் கோயம்புத்தூர்ப் பிள்ளைக்கும்கூட அது நூல் தமிழாக இருக்காது. எல்லாத் தமிழ்ப் பிள்ளைகளும் பேச்சிலிருந்து எழுத்துக்கு ஒரு படி ஏற வேண்டியிருக்கிறது. வடசென்னைப் பிள்ளைக்கு மட்டும் அதை ஒரு குறையாகச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

வகுப்பில் செய்வது இதுதான். 'நேத்து என்ன பண்ண?' என்று கேட்பேன். 'அப்பா வலைல பெரிய வஞ்சிரம் மாட்டிக்கினு இருந்துச்சு' என்று பிள்ளை சொன்னால், முதலில் அந்தச் செய்தியைக் கேட்டு மகிழ்ந்துவிட்டு, 'இதைப் புத்தகத்தில் எப்படி எழுதுவார்கள்?' என்று எல்லாரையும் கேட்பேன். பிள்ளைகளே மாற்றிச் சொல்வார்கள். சொன்ன வாக்கியத்தையே தப்பு என்று நிறுத்தினால் அந்தப் பிள்ளை அடுத்த நாள் வாயைத் திறக்காது.

ழ-வுக்குத் தனிப் பயிற்சி உண்டு. ல சொல்லும்போது நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால் தொடும். ள-வில் நாக்கு மடங்கி மேலண்ணத்தைத் தொடும். ழ-வில் மடங்கும், ஆனால் தொடாது. கையில் சின்னக் கண்ணாடியைக் கொடுத்துச் சொல்லவைத்தால் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே பிடித்துக்கொள்வார்கள். வீட்டிலும் முயலலாம்.

"நூறு வரைக்கும் கடகடன்னு சொல்றா. ஆனா பதிமூணு எழுதச் சொன்னா 103ன்னு எழுதறா."

பதறாதீர்கள். 'பத்து, மூன்று' என்று காதில் விழுவதை 10, 3 என்று அப்படியே எழுதுகிறாள். ஓசையைச் சரியாகத்தான் கேட்டிருக்கிறாள், இடமதிப்புதான் இன்னும் வரவில்லை. நூறு வரை சொல்வது ஒரு பாட்டைச் சொல்வதுபோல. எண்ணத் தெரிவது வேறு.

இதற்கு நோட்டில் நூறு தடவை எழுதுவது மருந்தாகாது. ஐஸ் குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டச் சொல்லுங்கள். ஒரு கட்டும் மூன்று உதிரியும் பதிமூன்று என்று கையால் எடுத்துவைத்த பிறகு எழுதச் சொல்லுங்கள். நம் தெருக்களில் கேரம் போர்டு இல்லாத சந்து குறைவு. வெள்ளை 9, கறுப்பு 9, சிவப்பு 1. மொத்தம் எத்தனை, பத்தாகப் பிரித்தால் மிச்சம் எத்தனை என்று கேட்டால் ஆட்டத்துக்கு நடுவிலேயே கணக்கு ஓடும். மீனைக் கூறு வைக்கும் வீடுகளில் 'கூறுக்கு நாலு, அஞ்சு கூறு, மொத்தம் எத்தனை?' என்று கேளுங்கள். வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்யுமுன் அதன் பொருள் அங்கே கிடைத்துவிடும்.

"ஹோம்வொர்க்கே குடுக்க மாட்டேங்கிறீங்க. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு நாலு நோட்டு குடுக்கறாங்க."

ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று 2018இல் சிபிஎஸ்இ பள்ளிகள் தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே வருஷம் மத்திய அரசின் சுற்றறிக்கையும் அதையே சொன்னது. இந்த வகுப்புகளுக்குப் புத்தகப் பை ஒன்றரைக் கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்பதும் அதில் உண்டு. நாலு நோட்டு என்பது உயர்வுக்கு அடையாளம் ஆகாது.

"நானே படிக்கல மிஸ். நான் எப்பிடிச் சொல்லிக்குடுப்பேன்?"

எனக்கு மிக முக்கியமான கேள்வி இது. பெரும்பாலும் ஆயாக்களும் வீட்டு வேலைக்குப் போகும் அம்மாக்களும் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். எழுத்து தெரியாத வீட்டில் பிள்ளைக்கு எதுவும் கிடைக்காது என்று யார் உங்களிடம் சொன்னாலும் நம்பாதீர்கள்.

ஒன்றாம் வகுப்புக்கு வரும் பிள்ளைக்கு நிறையச் சொற்கள் தெரிந்திருந்தால் வாசிப்பு சீக்கிரம் வரும். சொற்கள் பேச்சிலிருந்து வருகின்றன. குழம்பு வைக்கும்போது பொருள்களின் பெயரைச் சொல்லுங்கள். நீங்கள் சின்ன வயதில் கேட்ட கதையைச் சொல்லுங்கள், விடுகதை போடுங்கள். 'இன்னைக்கு யார் பக்கத்துல உக்காந்த, என்ன சாப்ட்ட, எதுக்குச் சிரிச்சீங்க?' என்று கேளுங்கள். 'என்ன படிச்ச?' என்று கேட்டால் எல்லாப் பிள்ளையும் 'ஒண்ணும் இல்ல' என்றுதான் சொல்லும். கடைப் பெயர்ப்பலகையில் தெரிந்த எழுத்து எது, வருகிற பஸ் என்ன நம்பர் என்று பிள்ளையை உங்களுக்குச் சொல்லவையுங்கள். பள்ளியிலிருந்து வாசிப்புப் புத்தகம் கொடுத்தனுப்பினால் பக்கத்தில் உட்கார்ந்து அது வாசிப்பதைக் கேளுங்கள். சரியா தப்பா என்று உங்களுக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. தனக்காக ஒருவர் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து கேட்கிறார் என்பது பிள்ளைக்குப் பெரிய விஷயம்.

"இடது கையில எழுதறான், எழுத்தையும் திருப்பிப் போடறான். மாத்திடலாமா?"

கையை மாற்றாதீர்கள். நோட்டைக் கொஞ்சம் வலது பக்கம் சாய்த்து வைக்கப் பழக்குங்கள், பெஞ்சில் இடது ஓரத்தில் உட்கார வைப்பது எங்கள் வேலை. எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிப் போடுவது இந்த வயதில் வலது கைப் பிள்ளைகளிடமும் சகஜம். ஏழு வயது தாண்டியும் குறையவில்லை என்றால் பேசுவோம். கரும்பலகை தெரியவில்லை என்றோ, கூப்பிட்டால் திரும்பவில்லை என்றோ தோன்றினால் காத்திருக்க வேண்டாம், உடனே சொல்லுங்கள்.

"நல்லா ரெண்டு போடுங்க மிஸ், நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

நம்பிக்கையோடு சொல்கிறீர்கள் என்று புரிகிறது. ஆனால் செய்ய மாட்டேன். உடல்தண்டனையும் மனதைப் புண்படுத்துவதும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி தடைசெய்யப்பட்டவை. சட்டம் இல்லாவிட்டாலும் செய்ய மாட்டேன், ஏனென்றால் பயந்த பிள்ளை தெரியாததை மறைக்கும். எங்கே தெரியவில்லை என்று எனக்குக் காட்டாத பிள்ளைக்கு என்னால் சொல்லிக்கொடுக்க முடியாது. உங்கள் பிள்ளையை எந்த ஆசிரியராவது அடித்தால் தலைமை ஆசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் சொல்லுங்கள். அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான்.

"வீட்ல நாங்க தெலுங்குதான். எதிர் வீட்ல இந்திக்காரங்க. எங்க பிள்ளைங்களுக்குத் தமிழ் வருமா?"

வரும். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் எல்லாருக்கும் உண்டு. மணலி, எண்ணூர்ப் பக்கத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் முதல் சில மாதம் பேசாமல் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அந்த மௌனத்தில் காது வேலை செய்கிறது. திடீரென்று ஒருநாள் விளையாட்டில் 'அவுட்டு, நீ போ' என்று கத்துவார்கள், அதன் பிறகு நிறுத்த முடியாது. வீட்டில் உங்கள் மொழியிலேயே நிறையப் பேசுங்கள். 'நானே படிக்கல' என்ற கேள்விக்குச் சொன்ன கதையும் விடுகதையும் தெலுங்கில் இருந்தாலும் அதே பலன்தான். தமிழ்ப் பிள்ளையே இப்படி வாய் திறக்காமல் இருந்தாலும் முதலில் பொறுத்துப் பார்ப்போம். வீட்டிலும் பேசவில்லை என்றால்தான் கவலை.

"தடைக்காலம் முடிஞ்சு போட் கடலுக்குப் போற நேரம், கைக்குழந்தைய பாத்துக்கப் பெரியவள ஒரு வாரம் நிறுத்திக்கட்டுமா?"

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். பள்ளி திறப்பதும் படகு இறங்குவதும் ஒரே மாதத்தில் வந்து மோதுகின்றன. கையில் காசு இல்லாத நேரம் அது என்பதும் எனக்குத் தெரியும். இருந்தாலும் நிறுத்தாதீர்கள். இரண்டாம் வகுப்புப் பெண் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வயதில் இல்லை. ஜூன் மாதம்தான் வகுப்பின் பழக்கங்கள் எல்லாம் உருவாகும் மாதம். அப்போது விட்ட ஒரு வாரம், மூன்றாவது பதிலில் சொன்ன பத்து நிமிஷத்தைப் போல் பல மடங்கு. பக்கத்து அங்கன்வாடியில் கேளுங்கள், இரண்டு வயது ஆன குழந்தையைச் சேர்க்கலாம். அதைவிடச் சின்னக் குழந்தை என்றால் எங்களிடம் வந்து பேசுங்கள். தெருவில் உள்ள மற்ற அம்மாக்களோடு சேர்ந்து வழி பார்த்திருக்கிறோம்.

"எட்டாவது வரைக்கும் பெயிலே இல்லயாமே. அப்ப படிக்கலன்னாலும் மேல போயிடுவாங்களா?"

வகுப்பு மாறும், உண்மை. 2024 டிசம்பரில் மத்திய அரசு விதியை மாற்றிய பிறகும் தமிழ்நாடு அரசுப் பள்ளிகளில் எட்டாம் வகுப்புவரை நிறுத்திவைப்பதில்லை என்றே தொடர்கிறது. இதில் நான் அரசின் பக்கம். ஆறு வயதில் பெயில் ஆக்கப்பட்ட பிள்ளை அடுத்த வருஷம் அதிகம் படிப்பதைவிட, பள்ளியை விட்டே நின்றுபோவதைத்தான் பார்க்க நேரிடும். ஆனால் பெயில் இல்லை என்பது யாரும் கவனிக்க வேண்டாம் என்று ஆகிவிடக் கூடாது. மூன்றாம் வகுப்பு வந்தும் எழுத்துக் கூட்டி வாசிக்க வரவில்லை என்றால் அரும்பு நிலையிலிருந்து தொடங்கச் சொல்லி ஆசிரியரிடம் நீங்களே கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, தாமதம்தான் ஆபத்து.

"வீடு எடுத்துட்டாங்க, பெரும்பாக்கம் போகச் சொல்றாங்க. டிசி வாங்கினாத்தான் அங்க சேப்பாங்களா?"

டிசி என்ற மாற்றுச் சான்றிதழைக் கேட்டவுடன் தர வேண்டும். அது தாமதமானாலும், இல்லாவிட்டாலும், அதைக் காரணம் காட்டிப் புதுப் பள்ளி சேர்க்கையை மறுக்கக் கூடாது. இதுவும் அதே 2009 சட்டத்தில் இருக்கிறது. பிள்ளையின் எமிஸ் எண்ணை, அதாவது பள்ளிக் கல்வித் துறைப் பதிவில் அதற்குள்ள எண்ணை, குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பழைய பதிவுகள் அதில் வந்துவிடும். போகுமுன் ஒருநாள் பிள்ளையோடு வகுப்புக்கு வாருங்கள். தமிழில் எந்த நிலை, கணக்கில் எந்த நிலை, எதற்குப் பயப்படும், யாரிடம் பேசும் என்று ஒரு தாளில் எழுதித் தருகிறேன். புது வகுப்பு ஆசிரியரிடம் முதல் நாளே அதைக் கொடுங்கள். இடம் மாறிய வீடுகளில் சாமான் இறக்கி முடிக்கும்வரை பிள்ளை வீட்டில் இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, அப்படியே மாதக்கணக்கில் போய்விடுகிறது. போன மறுநாளே பள்ளியில் விடுங்கள், சாமானைப் பிறகு அடுக்கிக்கொள்ளலாம்.